டூ-வாப் காதல் பாடல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாலைந்து நண்பர்கள் எங்கள் வீட்டில் கூடிப் பழைய அமெரிக்கக் குழுப்பாடல்களைக் கேட்பது பல ஆண்டுப் பழக்கம். புதிதாக யார் வந்தாலும் ஏறத்தாழ இதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் பாட்டைப் பாதியில் நிறுத்திப் பதில் சொல்வதற்குப் பதிலாக எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன்.

டூ-வாப் என்றால் என்ன? பெயரே விளையாட்டாக இருக்கிறதே?

நான்கைந்து பேர் சேர்ந்து பாடுவது. ஒருவர் முன்னால் நின்று காதலைச் சொல்கிறார். மற்றவர்கள் பின்னால் நின்று அவரைத் தாங்குகிறார்கள். 1940களின் கடைசியில் தொடங்கி 1960களின் தொடக்கம் வரை நியூயார்க், பால்டிமோர், பிலடெல்ஃபியா, சிகாகோ, பிட்ஸ்பர்க், லாஸ் ஏஞ்சல்ஸ் போன்ற நகரங்களில் தழைத்தது. தொடங்கியவர்கள் கறுப்பின இளைஞர்கள். சில ஆண்டுகளில் அதே தெருக்களை ஒட்டி வாழ்ந்த இத்தாலிய, போர்ட்டோ ரிக்கக் குடும்பங்களின் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள்.

பெயர் பின்னால் வந்தது. பாடிய காலத்தில் அவர்கள் இதை 'ரிதம் அண்டு புளூஸ்' என்றோ 'குரூப் ஹார்மனி' என்றோதான் சொன்னார்கள். 'டூ-வாப்' என்ற சொல் 1961இல்தான், மார்செல்ஸ் குழுவின் 'புளூ மூன்' பாடலைப் பற்றி 'சிகாகோ டிஃபெண்டர்' நாளிதழ் எழுதியபோது அச்சேறியது. பின்வரிசைக்காரர்கள் பாடிய ஓசையே மொத்த இசைவகைக்கும் பெயராகிவிட்டதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. அவர்களுக்குக் கிடைத்த மரியாதைகள் மிகக் குறைவு.

எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி கேட்கிறது. உண்மையா, என் காதில்தான் கோளாறா?

உங்கள் காது சரியாகத்தான் கேட்கிறது. மெதுவான காதல் பாடல்களில் மிகப் பல ஒரே நான்கு கார்டுகளின் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளின்) மேல் நிற்கின்றன: சி, ஏ மைனர், எஃப், ஜி. சுற்றிச் சுற்றி அதே வரிசை. தாளமும் அப்படியே, நான்கு அடி, ஒவ்வோர் அடியும் மூன்றாகப் பிரியும். நம் கணக்கில் திஸ்ர நடை. பியானோ 'தகிட தகிட தகிட தகிட' என்று ஒரே சீராக அடித்துக்கொண்டிருக்கும்.

இதைக் குறையாகப் பார்க்க வேண்டியதில்லை. வெண்பாவுக்கு ஓர் அச்சு இருப்பதுபோல இதற்கும் ஓர் அச்சு. வாத்தியம் வாங்கப் பணமில்லாத, இசை எழுதப் படிக்கத் தெரியாத பதினைந்து வயதுப் பிள்ளைகள் எந்த மூலையில் சந்தித்தாலும் உடனே சேர்ந்து பாட, எல்லாருக்கும் தெரிந்த அடித்தளம் ஒன்று தேவைப்பட்டது. அச்சு பழகியபின் வேறுபாடுகள் காதில் விழத் தொடங்கும். ஒரு குழு கடைசி அடியில் எங்கே மூச்சு விடுகிறது, இன்னொன்று எங்கே நிறுத்திக் காக்கவைக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் பிடிபடும்.

அந்த 'ஷூ-டூ', 'பாம்-பாபா-பாம்' எல்லாம் எதற்கு? வரி எழுத வராதா?

'தன்னானே தானே' என்றும் 'ஏலேலோ ஐலசா' என்றும் பாடும் நமக்கு இந்தக் கேள்வி வருவதே வியப்பு. இங்கே அந்த ஓசைகளுக்குத் திட்டமான வேலை இருக்கிறது. அடிக்குரல்காரர் கைவசம் இல்லாத டபுள் பாஸின் வேலையைச் செய்கிறார். நடுக்குரல்கள் இரண்டும் சேர்ந்து சாக்ஸபோன்களின் இடத்தை நிரப்புகின்றன. எல்லாருக்கும் மேலே ஒருவர் கள்ளக்குரலில் மிதப்பார், அது வயலின். ஒரு முழு இசைக்குழுவை ஐந்து தொண்டைகள் நடத்துகின்றன.

எந்த எழுத்தில் தொடங்குகிறோம் என்பதும் முக்கியம். 'ப', 'ட' போன்ற வல்லெழுத்துகள் தாளத்தைக் குத்தித் தரும். 'ஷூ', 'ஊ' போன்றவை மெத்தைபோல விரியும். மூன்க்ளோஸ் குழு இன்னொரு வழி கண்டது. வாயைத் திறந்து 'ஊ' என்று இழுக்காமல், ஒலிவாங்கிக்கு அருகே மூச்சை ஊதுவதுபோல 'ஹூ' என்று விட்டார்கள். 1954இல் வந்த அவர்களுடைய 'சின்சியர்லி' பாடலில் பின்குரல்களை மட்டும் கவனித்தால் இது புரியும்.

தெருமுனையில் நின்று பாடினார்கள் என்கிறார்களே, அது கதையா நிஜமா?

நிஜம். ஆனால் தெருமுனையைவிட அவர்களுக்குப் பிடித்தவை எதிரொலிக்கும் இடங்கள்: அடுக்குமாடி வீடுகளின் மாடிப்படி, பள்ளிக் கழிப்பறை, சுரங்க ரயில் நிலையம். ஓடு பதித்த சுவரில் குரல் பட்டுத் திரும்பும்போது நான்கு பேர் எட்டுப் பேராகக் கேட்கும். இந்தப் பாடல்களைக் கேட்கும்போதெல்லாம் ஒரு குளிர்ந்த படிக்கட்டு நினைவுக்கு வருவது அதனால்தான்.

அதற்கும் முன்னால் தேவாலயம் இருக்கிறது. பாடகர்களில் பெரும்பாலோர் அங்கே சேர்ந்திசை பாடிப் பழகியவர்கள். கூடவே, 1939இல் 'இஃப் ஐ டிட்ன்ட் கேர்' பாடிப் பெயர்பெற்ற இங்க் ஸ்பாட்ஸ் குழுவை வானொலியில் கேட்டு வளர்ந்தவர்கள். உச்சக்குரலில் ஒருவர் உருகுவதும், நடுவில் அடிக்குரல்காரர் அதே வரிகளைப் பேச்சாகச் சொல்வதும் அந்தக் குழுவிடமிருந்து வந்த சொத்து.

முதல் டூ-வாப் பாட்டு எது?

ஒன்றைச் சொன்னால் சண்டை வரும். பலரும் சுட்டுவது 1948இல் வந்த 'இட்ஸ் டூ சூன் டு நோ'. பாடியது பால்டிமோரின் ஓரியோல்ஸ் குழு. முன்குரல் சன்னி டில். எழுதியவர் டெபரா செஸ்லர் என்ற இளம் யூதப் பெண். கடையில் விற்பனையாளராக வேலை பார்த்துக்கொண்டே பாட்டெழுதி, பிறகு அந்தக் குழுவுக்கே மேலாளரானார். சன்னி டில் அந்தப் பாட்டைச் சத்தம்போட்டுப் பாடவே இல்லை. காதல் நிலைக்குமா என்று அவருக்கே தெரியாததுபோல, தயங்கித் தயங்கிப் பாடுகிறார். அந்தத் தயக்கம்தான் பின்னால் வந்த எல்லாருக்கும் வழி திறந்தது என்பது என் எண்ணம்.

ஏன் இத்தனை குழுக்களுக்குப் பறவைப் பெயர்?

ரேவன்ஸ் (அண்டங்காக்கைகள்) 1946இல் நியூயார்க்கில் தொடங்கியது. ஓரியோல்ஸ் தங்கள் மாநிலப் பறவையின் பெயரை வைத்துக்கொண்டது. இரண்டும் வென்றதும் லார்க்ஸ், ஸ்வாலோஸ், க்ரோஸ், ஃபிளமிங்கோஸ் என்று கூட்டமே கிளம்பியது. பென்குயின்ஸ் மட்டும் சிகரெட் விளம்பரத்திலிருந்து வந்தது: கூல் சிகரெட்டின் அடையாளச் சின்னம் ஒரு பென்குயின்.

ஒரே ஒரு பாட்டைச் சொல்லுங்கள். பிடித்தால் மேலே கேட்கிறேன்.

'இன் த ஸ்டில் ஆஃப் த நைட்', ஃபைவ் சாட்டின்ஸ், 1956. எழுதி முன்குரல் பாடியவர் ஃப்ரெட் பாரிஸ். ராணுவத்தில் இருந்தபோது இரவுக் காவலில் நின்றுகொண்டு எழுதியது. கனெக்டிகட் மாநிலம் நியூ ஹேவனில், புனித பெர்னதெத் தேவாலயத்தின் நிலவறையில் பதிவு செய்தார்கள். அந்தத் தேவாலயத்தைச் சேர்ந்த சாக்ஸபோன் கலைஞர் வின்னி மாஸெட்டாதான் இடத்துக்கு அனுமதி வாங்கித் தந்தவர். பாட்டின் நடுவில் வரும் சாக்ஸபோனும் அவருடையதே. பெயரில் ஐந்து பேர் என்றாலும் அன்று பாட வந்தவர்கள் நான்கு பேர்.

ஹெட்போனில் கேளுங்கள். முன்குரலுக்கு முன்பே பின்குரல்கள் 'ஷூ-டூப்' என்று நடக்கத் தொடங்கிவிடும். நிலவறைச் சுவர்களின் ஈரம் குரலில் ஒட்டியிருப்பதுபோல எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது. பாரிஸின் சுருதி ஓரிரு இடங்களில் சற்றே நழுவுகிறது. யாரும் திருத்தவில்லை, நல்லவேளை. கடைசியில் வாத்தியங்கள் தேயும்போது அவர் குரல் மட்டும் உச்சத்தில் ஏறிக் காற்றோடு கரையும்.

பாட்டு வெற்றிபெற்ற நேரத்தில் பாரிஸ் ஊரில் இல்லை; ராணுவம் அவரை ஜப்பானுக்கு அனுப்பியிருந்தது. மேடைகளில் அவர் இடத்தை வேறொருவர் நிரப்பவேண்டி வந்தது. காதலியின் நினைவைக் கைவிடாமல் இருப்பதாகச் சொல்லும் பாட்டு, அதைப் பாடியவர் தூரதேசத்தில் இருக்கும்போது ஊரெல்லாம் ஒலித்தது.

பதிவு ஏன் இவ்வளவு மங்கலாக இருக்கிறது? தெளிவான பதிப்பு கிடைக்காதா?

அசலே அப்படித்தான். பென்குயின்ஸ் குழுவின் 'எர்த் ஏஞ்சல்' 1954இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு வீட்டின் கார் கொட்டகையில் பதிவானது. டிரம்ஸ் குரலை விழுங்கிவிடாமல் இருக்கத் தலையணை வைத்து அடைத்தார்கள். அண்டை வீட்டு நாய் குரைத்தபோதெல்லாம் மறுபடியும் முதலிலிருந்து பாட வேண்டியிருந்தது. இவ்வளவும் ஒரு மாதிரிப் பதிவுக்காக. அது இசைத்தட்டின் மறுபக்கத்துக்கென்று வைத்திருந்த பாட்டு. வானொலிக்காரர்கள் திருப்பிப் போட்டதும் அதுவே நாடு முழுக்கப் பரவியது.

பிற்காலத்தில் அதே பாடகர்கள் நல்ல கூடங்களில் மீண்டும் பதிவு செய்த வடிவங்கள் பலவும் இணையத்தில் கலந்து கிடக்கின்றன. தெளிவாக இருக்கும், உயிர் இருக்காது. வாங்கும்போது ஆண்டைப் பாருங்கள்.

ஒரே பாட்டைக் கறுப்பர் குழுவும் வெள்ளையர் குழுவும் பாடியிருக்கின்றனவே. எது அசல்?

பெரும்பாலும் கறுப்பர் குழுவுடையது. 'ஷ்-பூம்' பாடலை எழுதிப் பாடியவர்கள் நியூயார்க் பிராங்ஸ் பகுதியின் கார்ட்ஸ் குழுவினர். 1954இல் அது முதல் பத்துப் பாடல்களுக்குள் ஏறிக்கொண்டிருக்கும்போதே, கனடாவிலிருந்து வந்த க்ரூ-கட்ஸ் என்ற வெள்ளையர் குழு அதையே பாடி முதலிடத்தைப் பிடித்தது. 'எர்த் ஏஞ்சல்' பாடலையும் அவர்கள் விடவில்லை. 'சின்சியர்லி' 1955இல் மெக்குவைர் சிஸ்டர்ஸ் குரலில் முதலிடம் போனது. கறுப்பினப் பாடகர்களின் தட்டுகளைச் சுழற்றத் தயங்கிய வானொலி நிலையங்கள் இந்த நகல்களைத் தயங்காமல் சுழற்றின. பெரிய நிறுவனங்களின் விற்பனை வலையும் அவற்றின் பின்னால் இருந்தது.

இரண்டு 'ஷ்-பூம்'களையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். க்ரூ-கட்ஸ் பாடுவது சுத்தம், ஒழுங்கு. கார்ட்ஸ் பாடுவதில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு படியிறங்கும் சந்தோஷம் இருக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்பவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

அதற்காக எல்லா வெள்ளைக் குரல்களும் நகல் என்று எண்ண வேண்டாம். பிராங்ஸின் பெல்மான்ட் அவென்யூவைப் பெயரிலேயே சுமந்த டியான் அண்டு த பெல்மான்ட்ஸ் சொந்தத் தெருவின் குரலில் பாடியவர்கள். விமானப்படை வீரர்கள் பிட்ஸ்பர்க்கில் அமைத்த டெல்-வைகிங்ஸ் குழுவில் இரு நிறத்தவரும் சேர்ந்தே நின்றார்கள். மார்செல்ஸ் குழுவிலும் அப்படியே.

பெண்கள் பாடவில்லையா?

பாடினார்கள், எண்ணிக்கையில் குறைவு. சாண்டெல்ஸ் குழுவைக் கட்டாயம் கேளுங்கள். பிராங்ஸில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியின் பாடகர் குழுவில் வழிபாட்டுப் பாடல்கள் பாடிய ஐந்து சிறுமிகள். 1957இல் 'மேபி' பாடலைப் பதிவு செய்தபோது முன்குரல் ஆர்லீன் ஸ்மித்துக்குப் பதினாறு வயது. தொடக்கத்திலேயே அவர் எட்டும் உயரத்தில் கெஞ்சலும் பிரார்த்தனையும் பிரித்தறிய முடியாமல் கலந்திருக்கின்றன.

சில ஆண்டுகளில் ஷிரெல்ஸ் வந்தார்கள். நாளைக்கும் என்னை நேசிப்பாயா என்று கேட்கும் அவர்களுடைய பாட்டு 1961இல் முதலிடம் பெற்றது. பிளாட்டர்ஸ் குழுவில் நான்கு ஆண்களுக்கு நடுவே ஸோலா டெய்லர் ஒருவர். அவர் பெயர் கீழே ஒரு நீதிமன்ற வழக்கிலும் வரும்.

பிளாட்டர்ஸ் டூ-வாப்பா இல்லையா? மிகவும் நாகரிகமாக இருக்கிறதே!

எல்லையில் நிற்கும் குழு. 'த கிரேட் ப்ரிடெண்டர்', 'மை ப்ரேயர்', 'ட்வைலைட் டைம்', 'ஸ்மோக் கெட்ஸ் இன் யுவர் ஐஸ்' என நான்கு முறை முதலிடம் கண்டவர்கள். இவற்றில் கடைசிப் பாட்டு 1933இன் பிராட்வே நாடகம் ஒன்றிலிருந்து எடுத்தது. அப்பா அம்மா காலத்துப் பாட்டைப் பிள்ளைகள் எடுத்துத் தங்கள் ஹார்மனியில் போடுவது அன்று வழக்கம். 'புளூ மூன்'கூட 1934இன் பாட்டுதான்.

இந்த வழக்கத்தின் சிகரம் ஃபிளமிங்கோஸ் 1959இல் பாடிய 'ஐ ஒன்லி ஹேவ் ஐஸ் ஃபார் யூ'. அதுவும் 1934இல் ஒரு திரைப்படத்துக்காக எழுதியது. பியானோ ஒரே கார்டைத் தட்டிக்கொண்டிருக்க, எங்கோ நீருக்கடியிலிருந்து வருவதுபோல 'டூ-பாப் ஷ-பாப்' என்று பின்குரல்கள் எழும். இருட்டில் ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

பாடியவர்களுக்குப் பணம் கிடைத்ததா?

பலருக்குக் கிடைக்கவில்லை. இதைச் சொல்லாமல் இந்தப் பாடல்களின் இனிமையை மட்டும் பேசுவது எனக்கு உறுத்துகிறது.

'வை டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்' பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். 1956இல் வந்தபோது முன்குரல் பிராங்கி லைமனுக்கு வயது 13. அமெரிக்காவில் பெரும் வெற்றி, பிரிட்டனில் முதலிடம். எழுதியவர்கள் பட்டியலில் தயாரிப்பாளர் ஜார்ஜ் கோல்ட்னரின் பெயர் ஏறியது, பின்னர் அந்த இடத்துக்கு மாரிஸ் லெவி என்ற இசைத்தட்டு முதலாளியின் பெயர் வந்தது. லைமன் 1968இல், 25 வயதில், ஹார்லெமில் தன் பாட்டியின் வீட்டில் ஹெராயினுக்குப் பலியானார். 1981இல் பாடகி டயானா ராஸ் அந்தப் பாட்டைப் பாடியதும் காப்புரிமைப் பணம் பெருகியது. லைமனின் மனைவி நான்தான் என்று மூன்று பெண்கள் நீதிமன்றம் ஏறினார்கள். அவர்களில் ஒருவர் ஸோலா டெய்லர்.

பின்னால் நின்று பாடிய ஹெர்மன் சாண்டியாகோவும் ஜிம்மி மெர்ச்சண்டும் பாட்டை எழுதியதில் தங்களுக்கும் பங்குண்டு என்று வழக்குத் தொடுத்தார்கள். 1992இல் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், வழக்குத் தொடுக்க வேண்டிய காலக்கெடு கடந்துவிட்டது என்று சொல்லி அதைத் தள்ளிவிட்டது. எழுதவில்லை என்று சொல்லவில்லை, தாமதமாக வந்தீர்கள் என்றுதான் சொன்னது. கேட்கத் தெரியாத வயதில் பறிகொடுத்தவர்களுக்கு அது போதுமான பதிலா?

பீட்டில்ஸ் வந்துதான் இதை அழித்தார்களா?

1964இல் பீட்டில்ஸ் உள்ளிட்ட பிரிட்டன் குழுக்கள் வந்தது கடைசித் தள்ளு. அதற்கு முன்பே காற்று மாறிவிட்டது. 1959இல் டிரிஃப்டர்ஸ் 'தேர் கோஸ் மை பேபி' பாடலில் வயலின்களைக் கொண்டுவந்தார்கள். முன்னர் சொன்ன கணக்குப்படி மேல்குரல் செய்துவந்த வேலையை நிஜ வயலின்களே செய்யத் தொடங்கினால், ஐந்து பேர் எதற்கு? குழுப்பாடலின் சாரம் சோல் இசைக்குள் போய்ச் சேர்ந்தது. மூன்க்ளோஸின் ஹார்வி ஃபுக்வா பிறகு சோல் இசைத்தட்டுகளை வெளியிட்ட மோடவுன் நிறுவனத்தில் பணியாற்றியதே அதற்குச் சாட்சி.

இந்தப் பழைய பாடல்களுக்கான ஏக்கம் எப்போது தொடங்கியது? கிழவர்கள் ஆன பிறகா?

ஆச்சரியம் இதுதான்: பாடல்கள் சூடாக இருக்கும்போதே தொடங்கிவிட்டது. லாஸ் ஏஞ்சல்ஸ் வானொலித் தொகுப்பாளர் ஆர்ட் லபோ 1959இலேயே 'ஓல்டீஸ் பட் குட்டீஸ்' என்ற தொகுப்புத் தட்டை வெளியிட்டார். அதில் 'பழையவை' என்று இடம்பெற்ற பாடல்களில் 'எர்த் ஏஞ்சல்' ஐந்து வயது, ஃபைவ் சாட்டின்ஸ் பாட்டு மூன்று வயது. பள்ளிக்கூடத்துக் காதலில் மூன்று ஆண்டு என்பது ஒரு யுகமல்லவா? நியூயார்க்கில் டைம்ஸ் சதுக்கச் சுரங்கப் பாதையில் இருந்த ஒரு இசைத்தட்டுக் கடையில் பையன்கள் விற்காமல் போன தட்டுகளைத் தேடி அலைந்தார்கள். கேப்ரிஸ் குழு 1958இல் பதிவு செய்து யாரும் சீந்தாத ஒரு பாட்டு, அந்தத் தேடலால் மறுவெளியீடு கண்டு 1961இல் முன்வரிசைக்கு வந்தது. கலைந்துபோயிருந்த குழு மறுபடி கூடியது.

பெரிய அலை பிறகு. 1969இல் உட்ஸ்டாக் இசைவிழா மேடையில் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்கு முன்னால் பாடியது ஷா நா நா என்ற மாணவர் குழு; பாடியவை இந்தப் பழைய பாடல்கள். 1999இல் பிட்ஸ்பர்க்கில் மூத்த பாடகர்களைத் திரட்டி அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சி ஒரு நிகழ்ச்சி தயாரித்தது. நரைத்த தலைகள் கூட்டத்தில் எழுந்து நின்று அழுதன. ஆர்ட் லபோ 2022இல் 97 வயதில் இறக்கும்வரை வானொலியில் இருந்தார். சிறையில் இருக்கும் கணவனுக்காக, மகனுக்காகப் பாட்டு ஒலிபரப்பச் சொல்லி மெக்சிக்க அமெரிக்கக் குடும்பங்கள் அவரை அழைத்துக்கொண்டே இருந்தன. பிரிந்திருப்பவர்களுக்கு இந்தப் பாடல்கள் அவ்வளவு பொருந்துகின்றன.

இப்போது மேடை ஏறும் 'பிளாட்டர்ஸ்' அந்தப் பிளாட்டர்ஸ்தானா?

இல்லை. அசல் பாடகர்கள் காலமாகிவிட்டார்கள். ஒரே பெயரில் ஒரே நேரத்தில் பல குழுக்கள் சுற்றிய காலமும் உண்டு. இதைத் தடுக்க 30க்கும் மேற்பட்ட அமெரிக்க மாநிலங்கள் சட்டம் இயற்றியிருக்கின்றன. அதற்காக ஊர் ஊராகப் போய் வாதாடியவர்களில் ஷா நா நாவின் ஜான் பௌமனும் சுப்ரீம்ஸ் குழுவின் மேரி வில்சனும் முக்கியமானவர்கள். அஞ்சலிக் குழு என்று சொல்லிவிட்டுப் பாடினால் எனக்கு மறுப்பில்லை, நன்றாகவே பாடுகிறார்கள்.

நாங்கள் நான்கு நண்பர்கள். பாடிப் பார்க்க ஆசை. எப்படித் தொடங்குவது?

மேலே சொன்ன நான்கு கார்டுகளை ஒருவர் கிட்டாரிலோ கீபோர்டிலோ மெதுவாக வாசிக்கட்டும். ஒவ்வொரு கார்டிலும் மூன்று ஸ்வரம், ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். கார்டு மாறும்போது உங்கள் ஸ்வரத்திலிருந்து மிக அருகில் இருக்கும் ஸ்வரத்துக்கு நகர்ந்தால் போதும், தாவ வேண்டாம். 'ஊ' என்று மட்டும் பாடுங்கள். அது ஒட்டிக்கொண்டதும் வாத்தியத்தை நிறுத்திவிடுங்கள். அடிக்குரல் உள்ளவர் 'டும்-டும்' என்று நடக்கத் தொடங்கட்டும். முன்குரல் கடைசியில் வரட்டும்.

மெத்தையும் திரைச்சீலையும் நிறைந்த அறை வேண்டாம், குரலை உறிஞ்சிவிடும். எங்கள் குடியிருப்பில் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் உள்ள படித்திருப்பம்தான் சரியாக அமைந்தது. முதல் சில நாள் சிரிப்புதான் வரும். ஒரு மாலை நான்கு பேரின் 'ஊ'வும் சட்டென்று பூட்டிக்கொண்டு, யாரும் பாடாத ஐந்தாவது ஸ்வரம் ஒன்று மேலே கேட்டது. மூன்றாம் மாடிப் பாட்டி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். நிறுத்தப் போனோம், "பாடுங்கள், பாடுங்கள்" என்று சொல்லிவிட்டு நாற்காலி எடுத்துவரப் போனார்.